அண்ணியின் இடது காது

குருவிட்டை பஸாரில் மாடி வைத்த ஹார்ட்வெயார் கடை நான் கட்டியது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் கட்டிய கடை. ஒரு கலவரத்தில் அதற்குத் தீ வைத்தார்கள். சாம்பலைக் கூட்டித் தள்ளிவிட்டு அதே அத்திவாரத்தில் முன்னைவிட உயரமாக எழுப்பினேன். லொறி வாங்கினேன்; ஓட்டத் தெரியாமல் வாங்கி, வாங்கிய பிறகு ஓட்டப் பழகினேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு மதில் வைத்தது நான். எங்கள் குடும்பத்தில் லயத்துக் காம்பராவை விட்டு வெளியே வந்து சொந்தக் காணியில் வீடு கட்டிய முதல் ஆளும் நான்தான். இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. முகத்துக்கு முன்னால் சொல்லாவிட்டாலும் முதுகுக்குப் பின்னாலாவது சொல்கிறது.

ஒன்றை மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை. என் அண்ணியின் இடது காது.

அண்ணி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். நல்ல உயரம். மலையில் ஏறினால் ஆண்களே பின்னால் நிற்க வேண்டும். தலையில் போட்ட துண்டு வலது பக்கம் சும்மா கிடக்கும். இடது பக்கம் மட்டும் காதை மூடிக் கன்னம் வரை இறங்கியிருக்கும். துண்டுக்கு உள்ளே பஞ்சு. பஞ்சுக்கு உள்ளே சீழ். சின்ன வயதிலிருந்தே ஓடுகிற காது என்று அவருடைய அம்மா சொன்னார்களாம், அதுவும் கல்யாணம் முடிந்த பிறகு. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டார்கள், கோழி இறகால் துடைத்தார்கள், தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுத்த சொட்டு மருந்தையும் விட்டார்கள். ஓடுகிறது ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாண வீட்டுக்குப் போனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, யாருக்கும் வாடை போகாத ஓரமாகப் போய் உட்காருவார். அதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன். கவனிக்கிற கண் இல்லாமல் யாரும் முதலாளி ஆவதில்லை.

அண்ணியின் வாயில் ஒரு வார்த்தைதான் இருந்தது. “சரிங்க.”

தொரை கேட்டாலும் சரிங்க, கங்காணி ஏசினாலும் சரிங்க, பூசாரி விபூதி கொடுத்தாலும் சரிங்க. ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் மனைவி, “அண்ணி, சோறு ஆக்கவா, ரொட்டி சுடவா?” என்று கேட்டாள்.

“சரிங்க” என்றார் அண்ணி.

என் மனைவி இரண்டையும் செய்து வைத்துவிட்டு என்னிடம் வந்து, “ஒங்க அண்ணிக்கு வேற வார்த்தையே தெரியாதா? இல்ல, என்னய வச்சு வெளையாடுறாங்களா?” என்றாள். ஊரில் அண்ணியைப் பற்றி எல்லாருக்கும் ஒரே பேச்சு. அடக்கமான பெண், எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். அண்ணனுக்கு அதில் பெருமை வேறு.

அது அடக்கம் இல்லை என்று கண்டுபிடித்தவன் நான்.

ஒரு நாள் விடியற்காலையில் லொறிக்கு ஆள் பிடிக்க, தோட்டத்து ஆட்கள் காலையில் கூடுகிற பெரட்டுக் களத்துக்குப் போயிருந்தேன். இருட்டு முழுதாகப் பிரியாத நேரம். கங்காணி வரிசையாகப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டங்களில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பேர் விழுந்தால் அந்த நாளுக்குச் சம்பளம் உண்டு, விழாவிட்டால் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்ப வேண்டியதுதான். அண்ணி தன் பக்கத்துக் காம்பராப் பெண்ணின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் “இருக்கேன்” என்றதும், ஒரு மூச்சு விட்டு, தானும் “இருக்கேன்” என்றார். பேர் எழுதிய செக்ரோலில் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பேர் அண்ணியுடையது. வேறொரு நாள் போனேன். பக்கத்துக் காம்பராப் பெண் காய்ச்சலில் படுத்திருந்தாள். கங்காணி அண்ணியின் பேரைக் கூப்பிட்டார், மறுபடி கூப்பிட்டார். அண்ணி மரம் மாதிரி நின்றார்.

“என்னாம்மா, நின்னுக்கிட்டே தூங்குறியா? இன்னிக்கி ஒனக்குப் பேர் இல்ல, போ!”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகத் திரும்பினார். வேலை இல்லை என்று சொன்னது கூட அவருக்குக் கேட்கவில்லை.

நான் அண்ணனிடம் போய், “அண்ணிக்குக் காது சுத்தமாக் கேக்கல, சீழ் வடியாத வலது காதும் சேத்துத்தான்” என்றேன். அண்ணன் ஸ்டோரில் ரப்பர் சீட்டுக்குப் புகை போடுகிறவர். அந்தப் புகையில் இருந்து இருந்து எதற்கும் அவசரம் இல்லாத மனுஷன்.

“கேக்காமயா நான் சொல்றதுக்கெல்லாம் சரிங்குறா?”

நான் கடைக்குத் திரும்பிவிட்டேன்.

அண்ணி ஏன் மறைத்தார் என்பது எனக்குத் தெரியும். பழைய ரப்பர் மரங்களை வெட்டித் தள்ளிய காலத்தில், காது கேட்காத கிழவர் ஒருவர் மேல் மரம் சரிந்தது. சுற்றி நின்றவர்கள் சத்தம் போட்டது அவருக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து செவிட்டு ஆளுக்குப் பேர் போடக்கூடாது என்று தொரை உத்தரவு போட்டுவிட்டார். அண்ணிக்கு மூன்று பிள்ளைகள். பேர் போய்விட்டால் அந்த வீட்டு அடுப்பில் பாதி அணைந்தது மாதிரி. அதனால் காது கேட்கிறவர் போல நடிப்பதை ஒரு வேலையாகவே பழகி வைத்திருந்தார். பால் வெட்டுகிறதைவிட அதில் கெட்டிக்காரி.

டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காது, மூக்கு, தொண்டைக்கென்று ஒரு டாக்டர் வந்திருக்கிறார் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். அன்றே தோட்டத்துக்குப் போய் அண்ணியின் முகத்துக்கு நேராக நின்று கத்திச் சொன்னேன். “சரிங்க தம்பி” என்றார். கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஹோல்ட்டில் நின்றேன். வரவில்லை. இன்னொரு நாள் சொன்னேன். “சரிங்க தம்பி.” வரவில்லை. வேன் பிடித்து லயத்துக்கே போனேன். “மொகம் கழுவிக்கிட்டு வந்துர்றேன் தம்பி, இருங்க” என்று பின்பக்கம் போனவர், அப்படியே கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். வேன்காரன் சிரித்தான். “மொதலாளி, ஆளத் தூக்கிட்டுப் போறதா இருந்தா சொல்லுங்க, கயிறு வச்சிருக்கேன்.”

கடைசியில் வழி கண்டுபிடித்தேன். ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டிய கோட்டில் நிற்காமல் வழிந்து மரத்தோடு போய்விடும். மழை நாளில் யாருக்கும் மரம் இல்லை, அண்ணிக்குச் சாக்கும் இல்லை. எங்கள் சப்ரகமுவைப் பக்கத்தில் மழைக்குப் பஞ்சமா? எனக்கு வேண்டிய வேளையில் மட்டும் பஞ்சம். காது டாக்டர் பார்க்கிற கிளினிக் நாளில் வெயில் கொளுத்தும். மற்ற நாளில் கொட்டும். சீமெந்து மூட்டையை மூடுவதற்கு வானத்தைப் பார்க்கிற நான், அண்ணியின் காதுக்காக வானத்தைப் பார்த்து நின்றேன். ஒரு கிளினிக் நாளில் விடியும்போதே பிடித்துக்கொண்டது. குடையோடு போய்க் கையோடு கூட்டி வந்தேன்.

கிளினிக்கில் காத்திருக்கிறவர்கள் உட்காருகிற வாங்கில் எங்களுக்குப் பக்கத்தில் மாணிக்கக் குழியில் வேலை செய்கிற ஒரு சிங்களவர் இருந்தார். மூக்குக்குள் சதை வளர்ந்து மூச்சே போகாமல் வாயைத் திறந்தபடி இருந்தார். எங்கள் பஸாரில் புழங்குகிறவர், தமிழ் நன்றாக வரும். “முதலாளி, நாளைக்கி கம்பி விட்டு இழுக்கப் போறாங்க. நீலக் கல்லு வந்தா டாக்டருக்குப் பாதி” என்று மூக்கால் சொன்னார். நான் சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அண்ணியும் சிரித்தார். அவர் சிரித்தது ஜோக்குக்கு அல்ல என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் காதைச் சோதிக்கிற மிஷினுக்கு அனுப்பினார்கள். கண்ணாடி வைத்த சின்ன அறை. அண்ணியின் இரண்டு காதையும் மூடி எதையோ மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் பிள்ளை இருந்து மிஷினைத் தட்டியது. தட்டும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் வலது தோள் ஒரு துளி இறங்கியது. நான் கதவு இடுக்கில் நின்று பார்க்கிறேன். தோள் இறங்குகிறது, அண்ணி அமுக்குகிறார். தோள் இறங்குகிறது, அண்ணி அமுக்குகிறார். கங்காணிக்கு முன்னால் பழகிய வித்தை!

நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய், “மிஸ், அவங்க ஒங்க தோளப் பாத்து அமுக்குறாங்க” என்று சிங்களத்தில் சொன்னேன்.

“முதலாளி, வெளியே இருங்க. எங்க வேலை எங்களுக்குத் தெரியும்.”

சொன்னவன் சட்டையில் பெயின்ட் கறை இருந்தால் அவன் சொல்லும் கறையா? வெளியே வந்து நின்றேன். முடிவைக் கொடுத்தார்கள்: காது நன்றாகக் கேட்கிறது. உள்ளே இருந்த சின்ன டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார், பஞ்சை எடுத்துக் காதைப் பார்த்தார், சொட்டு மருந்து எழுதினார், சில மாதம் கழித்து வரச் சொன்னார். பெரிய டாக்டர் அன்றைக்கு ஒப்பரேசன் தியேட்டரில்.

அண்ணி வாசலுக்கு வந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “பாஸ் பண்ணிட்டேன் தம்பி!”

“என்னா பாஸ் அண்ணி? இது பரீட்சையா?”

வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “இல்லீங்களா பின்ன? பெயிலாப் போனா தோட்டத்துக்கு எழுதி அனுப்புவாங்க. தொரை பேர வெட்டிருவாரு.”

பஸ்ஸில் எனக்கு அடக்க முடியவில்லை. “ஒங்களுக்காக மழைக்குத் தவம் கெடந்தேன் அண்ணி! கடையப் பூட்டிட்டு வந்தேன்! நீங்க என்னான்னா அந்தப் புள்ளையையும் ஏமாத்தி, என்னையும் ஏமாத்தி…” கத்தினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் கேட்டது, கேட்க வேண்டியவரைத் தவிர. அண்ணி ஜன்னலில் வழிந்த மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அண்ணன் கடைக்கு வந்தார். அவசரப்படாத மனுஷன் செருப்பில்லாமல் வந்து நின்றார். “ஒங்க அண்ணிக்கு டீ குடிச்சா வாயோரமா ஒழுகுதுடா. நேத்து மலையில தலை சுத்தி உருண்டுட்டா.” போய்ப் பார்த்தேன். இடது பக்க முகம் தொங்கிப் போயிருந்தது. கண் மூடவில்லை. அப்போதும் என்னைப் பார்த்து, “ஒண்ணுமில்லீங்க தம்பி, காத்து பட்டுருச்சு” என்றார் கோணல் வாயால். இந்தத் தடவை நான் கேட்கவில்லை. வேனில் ஏற்றினேன்.

அன்றைக்குப் பெரிய டாக்டர் இருந்தார். ஒல்லியான சிங்கள மனுஷன், வாயில் முகமூடி, சத்தம் வராத பேச்சு. அண்ணியைப் படுக்க வைத்து, பூதக்கண்ணாடி மாதிரி ஒரு பெரிய கருவியால் காதுக்குள் பார்த்து, ஒரு குழாயை விட்டு உறிஞ்சினார். வாடை அறை முழுக்கப் பரவியது. அவர் முகம் சுளிக்கவில்லை. பழைய சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக எதையோ எடுத்துக் காட்டினார். காதுக்குள் தோல் தப்பான இடத்தில் வளர்ந்து மூட்டை கட்டிக்கொண்டு, சுற்றியிருக்கிற எலும்பைத் தின்கிறதாம். முகத்துக்குப் போகிற நரம்பு வரை தின்றுவிட்டது. அடுத்தது மூளை.

பிறகு தட்டினால் ரீங்காரம் போடுகிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், காதுக்கு முன்னால் பிடித்தார், நெற்றியில் வைத்தார். பழைய தாளை எடுத்துப் பார்த்தார். மறுபடியும் கவையைத் தட்டினார்.

“தாள் காது நல்லதுங்குது. கவை இல்லைங்குது. இரண்டில் ஒன்று பொய்” என்று சிங்களத்தில் என்னிடம் சொன்னார். “இந்தப் பக்கம் எவ்வளவு மிச்சம், அந்தப் பக்கம் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் நான் வெட்டக் கூடாது.”

“மஹத்தயா, பொய் தாளில்தான். அவங்க ஆள் மொகத்தப் பாத்துக் கேக்குறவங்க. முன்னால நிக்காதீங்க. பின்னால போங்க.”

அவர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அண்ணியைக் கதிரையில் உட்கார வைத்து, பின்னால் போய் நின்று, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“அம்மா, எத்தனை பிள்ளை?”

அண்ணிக்குக் கேட்கவில்லை. ஆனால் யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. என் கண் டாக்டர் பக்கம் போனதை வைத்துப் பிடித்துவிட்டார். உடனே என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு கண் மூட முடியாமல் தண்ணீர் வழிகிறது. தம்பி, ஒரு விரலையாவது காட்டுங்க, உதட்டையாவது அசைங்க என்று கெஞ்சுகிற கண்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் டாக்டர் இன்னும் சத்தமாகக் கேட்டார். இன்னும் சத்தமாக. கடைசியில் வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து கத்தியபோதுதான் அண்ணி, “மூணுங்க” என்றார். இடது பக்கம் எதுவும் இல்லை.

நான் திரும்பியபோது அண்ணி சொன்னார்: “இப்ப சந்தோசமா தம்பி? மூணு புள்ளைங்க சோத்துல கைய வச்சிட்டீங்க.”

டாக்டர் முன்னால் வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அண்ணியின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். மெதுவாக, உதடு தெரியப் பேசினார். அவர் தமிழ் தடுக்கிய இடத்தில் நான் வாயை விரித்துச் சொல்லிக் கொடுத்தேன். காதுக்குப் பின்னால் கிழித்து, எலும்பைக் குடைந்து, நோயைச் சுரண்டி எடுக்க வேண்டும். கேட்கிற சக்தி திரும்ப வருமென்று சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் உயிருக்கு மோசம்.

“சரிங்க” என்றார் அண்ணி.

“மஹத்தயா, அந்தச் சரியை எடுத்துக்காதீங்க” என்றேன். “அது எல்லாத்துக்கும் சொல்ற சரி. இன்னிக்கி ஒப்புக்கிட்டு ராவோட ராவா வார்டை விட்டு எறங்கிப் போயிருவாங்க.”

டாக்டர் அண்ணியிடம், “நான் என்ன செய்யப் போறேன்? நீங்க சொல்லுங்க” என்று கேட்டார். அண்ணி அவர் உதட்டைப் படித்தார். பிறகு, நான் அறிந்த காலத்தில் முதல் தடவையாக, சரிங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேறு வார்த்தை சொன்னார்.

“வேணாங்க.”

எனக்குச் சுவரில் தலையை முட்டலாம் போல இருந்தது. டாக்டர் ஏன் என்று கேட்டார். தோட்டம், கங்காணி, கிழவர் மேல் சரிந்த மரம், தொரை போட்ட உத்தரவு, எல்லாவற்றையும் அண்ணியே சொன்னார். இத்தனை வார்த்தை அவருக்குள் இருந்தது எனக்கே தெரியாது. கேட்டுவிட்டு டாக்டர் சொன்னார்: “நான் தோட்டத்துக்கு ‘காதில் புண், ஒப்பரேசன், ஓய்வு வேணும்’ என்று எழுதுறேன். அவ்வளவுதான். கேக்குதா கேக்கலையா என்று தொரை கேட்கவில்லை. நான் ஏன் சொல்லணும்?”

அண்ணி என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் தலையை ஆட்டினேன். ஒப்புதல் தாளில் அண்ணி கட்டைவிரல் வைத்தார்.

ஒப்பரேசன் முடிந்து தலையைச் சுற்றி வெள்ளைக் கட்டோடு கொண்டுவந்து போட்டார்கள். முகம் மெல்ல மெல்ல நேரானது, கண் மூடியது, டீ ஒழுகுவது நின்றது. பீலித் தண்ணீரில் குளிக்கும்போது காதில் வாஸ்லின் தடவிய பஞ்சு வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுபடி போனபோது நான் டாக்டரைப் பிடித்து, “இடது பக்கம் இன்னும் கேக்கலையே மஹத்தயா, இவ்வளவு பாடுபட்டுக் கூட்டி வந்தேனே” என்றேன். “நான் உயிரைத் தரேன் என்றுதானே சொன்னேன்? காதைத் தரேன் என்று சொல்லலையே” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பழுதான பைப்பைக் கழற்றினால் தண்ணீரும் வர வேண்டும், இல்லையா? ஆனால் அவர் சொன்னது சொன்னபடிதான் நடந்தது.

காது காய்ந்தது. வாடை நின்றது. என் மகள் கல்யாணத்தில் அண்ணி துண்டு போடாமல், பூ வைத்து, பாய்க்கு நடுவில் வந்து உட்கார்ந்தார். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவே இல்லை. நான் போய், “அண்ணி, சாப்பிட்டீங்களா?” என்று கத்தினேன். “எதுக்குத் தம்பி கத்துறீங்க? நல்லாத்தான் கேக்குது” என்றார். சுற்றியிருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். கேட்டதா, என் வாயைப் பார்த்தாரா என்பதை அந்த மனுஷி கடைசி வரை எனக்குத் தெரிய விடவில்லை. கடைசி வரை பேரும் போகவில்லை. வயது முடியும் வரை பால் வெட்டித்தான் ஓய்ந்தார்.

அண்ணி போய்ச் சேர்ந்தது காதால் அல்ல, வயதால். பேரப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டுத்தான் போனார். சாவு வீட்டில் பிள்ளைகள் வந்தவர்களிடம் சொன்னார்கள்: “அந்த டாக்டர் மட்டும் இல்லேன்னா அம்மா அப்பவே போயிருப்பாங்க.” அண்ணன் சொன்னார்: “மாரியம்மா கண்ணத் தொறந்தா.” வந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் அங்கேதான் இருந்தேன், அவர்கள் கை எட்டுகிற தூரத்தில்.

டாக்டரைச் சொல்லுங்கள், வெட்டியது அவர் கை. மாரியம்மனையும் சொல்லுங்கள். ஆனால் அந்த அறையில் அண்ணி என் முகத்தைப் பார்த்தபோது நான் மூன்று விரலைக் காட்டியிருந்தால் போதும். அன்றைக்கும் அவர் பாஸ்; எது பொய் என்று தெரியாமல் டாக்டர் கத்தியைத் தொட்டிருக்க மாட்டார். அவர் சாபத்தை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பியவன் ஒருத்தன் இருக்கிறான். அண்ணன் பிள்ளைகளே, அம்மா கதையை இனி எங்கே சொன்னாலும் அந்த இடத்தில் நிறுத்தி, திரும்பியது எங்கள் சித்தப்பா என்று சொல்ல வேண்டும். நான் இருக்கும்போதே சொல்லுங்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.